தீவுச் சிறார்களின் கடற்கல்வி: செலவை ஏற்பது யார், எத்தனை ஆண்டுக்கு?

பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்துள்ள ஹவாய்த் தீவுகளில், பள்ளி மாணவர்களைக் கரைக்கு அழைத்துச் சென்று கடலைப் பற்றிய அறிவியலைக் கற்பிக்கும் முயற்சிகள் பல தசாப்தங்களாக வேரூன்றியுள்ளன. இம்முயற்சிகளுக்குக் கைகொடுத்து வந்த நிதிகளில் கணிசமான பகுதி அமெரிக்க மத்திய அரசிடமிருந்து வந்தது. அந்த நிதியின் எதிர்காலம் 2025 ஆம் ஆண்டில் மீண்டும் கேள்விக்குள்ளானது.

அந்த ஆண்டின் மே மாதத்தில் வெள்ளை மாளிகை 2026 நிதியாண்டுக்கான தனது உத்தேச வரவு செலவுத் திட்டத்தை வெளியிட்டது. அமெரிக்க தேசிய சமுத்திர மற்றும் வளிமண்டல நிர்வாகத்தின் செலவில் சுமார் 130 கோடி டாலரைக் குறைக்க அது முன்மொழிந்தது. நோவா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பின் கல்வி மானியங்கள் மாணவர்களைச் சந்தைப் பொருளாதாரத்துக்கு எதிராகத் திருப்புவதாகவும், சுற்றுச்சூழல் குறித்த பீதியைப் பரப்புவதாகவும் அந்த ஆவணம் குற்றஞ்சாட்டியது.

அமெரிக்காவில் நிதி ஒதுக்கும் இறுதி அதிகாரம் ஜனாதிபதியிடம் இல்லை, காங்கிரசிடமே உள்ளது. 2025 இல் இரு சபைகளின் ஒதுக்கீட்டுக் குழுக்களும் அவ்வளவு பெரிய வெட்டை ஏற்க முன்வரவில்லை. ஆயினும் இந்த விவாதம் வாஷிங்டனின் கட்சி அரசியலோடு முடிந்துவிடும் ஒன்றன்று. தீவுகளில் வாழும் பிள்ளைகள் தங்களைச் சூழ்ந்துள்ள கடலை அறிந்துகொள்ளும் செலவை யார் ஏற்பது, எத்தனை ஆண்டுக்கு ஏற்பது என்ற கேள்வி உலகின் எல்லாத் தீவுச் சமூகங்களுக்கும் பொதுவானது. யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து புலம்பெயர்ந்தோருக்கும், பாம்பன் தீவைச் சொந்த மண்ணாகக் கொண்டோருக்கும் இக்கேள்வி அந்நியமானதல்ல.

கரையில் நடக்கும் வகுப்பு

ஹவாயில் இத்தகைய கல்விக்கு நிதி வழங்கிய திட்டங்களில் பீ-வெட் என்பது முக்கியமானது. நீர்ப்பிடிப்புப் பகுதிகள் குறித்த கல்விக்கும் பயிற்சிக்குமான இத்திட்டத்தை நோவா 2002 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் வளைகுடாப் பகுதியில் தொடங்கியது. பின்னர் அது வேறு கரையோரப் பகுதிகளுக்கும் விரிவடைந்து, 2004 இல் ஹவாயை எட்டியது.

மாணவர்களை ஒரு நாள் கடற்கரைக்கு அழைத்துச் சென்று திரும்புவதை இத்திட்டம் கல்வியாகக் கருதவில்லை. முதலில் மாணவர்கள் தங்கள் ஊரைச் சார்ந்த ஒரு சுற்றுச்சூழல் பிரச்சினையைத் தெரிவு செய்ய வேண்டும். பிறகு களத்துக்குச் சென்று நேரில் அளந்து தரவுகளைத் திரட்ட வேண்டும். அத்தரவுகளை வகுப்பறையில் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். இறுதியில் அம்முடிவுக்கு ஏற்ப ஊருக்குப் பயன்படும் ஒரு செயலைச் செய்ய வேண்டும். இந்த நான்கு படிகளும் சேர்ந்தால்தான் அது முழுமையான அனுபவம் என்பது திட்டத்தின் அடிப்படை விதி. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் அதன் பிரிக்க முடியாத பகுதி.

நடைமுறையில் இது எளிய கருவிகளைக் கொண்டு நடைபெறும் வேலை. கடல் வற்றும் வேளையில் வெளித்தெரியும் பாறைக்கரையில் அளவு நாடாவை விரித்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் சதுரச் சட்டத்தை வைத்து, அதனுள் காணப்படும் பாசிகளையும் உயிரினங்களையும் மாணவர்கள் எண்ணுகின்றனர். நீரின் வெப்பநிலை, உப்பின் அளவு, கலங்கல் ஆகியவற்றை அளக்கின்றனர். மழை பெய்த மறுநாள் ஓடைநீர் கடலில் கலக்கும் இடத்தில் மண் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதைக் குறித்துக்கொள்கின்றனர்.

இதற்கு ஆகும் செலவு அரசுக் கணக்கில் மிகச் சிறியது. 2020 நிதியாண்டில் பீ-வெட் திட்டத்துக்கு நாடு முழுவதற்குமாகக் கிடைத்தது சுமார் 77.5 இலட்சம் டாலர். அவ்வாண்டில் நோவாவின் மொத்த ஒதுக்கீடு 530 கோடி டாலருக்கும் அதிகம். அதாவது அந்த அமைப்பு செலவிட்ட ஒவ்வொரு நூறு டாலரிலும் 15 செண்டுக்கும் குறைவான தொகையே இத்திட்டத்துக்குச் சென்றது.

மலையிலிருந்து கடல் வரை

கடற்கல்வியைப் பொறுத்தவரை ஹவாய் வெறுங்கையுடன் தொடங்கவில்லை. பழைய ஹவாயில் நிலம் அஹுபுவாஆ எனப்படும் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தது. மலையுச்சியில் தொடங்கி ஓடையின் வழியே இறங்கி, கரையையும் கரைக்கு அப்பால் பவளப்பாறைகள் உள்ள ஆழங்குறைந்த கடலையும் உள்ளடக்கிய பிரிவு அது. மேலே காட்டை அழித்தால் கீழே மீன் குறையும் என்ற அறிவு அந்தப் பிரிவினையிலேயே பொதிந்திருந்தது. நீர்ப்பிடிப்புப் பகுதி என்று இன்றைய அறிவியல் கூறுவதும் ஏறத்தாழ இதையே.

இரவுகளை நிலவின் வளர்பிறை, தேய்பிறைக்கு ஏற்பப் பெயரிட்டு, எந்த இரவில் எந்த மீன் கிடைக்கும் என்று கணித்த நாட்காட்டியும் அம்மக்களிடம் இருந்தது. பிறை பார்த்துத் தொழிலுக்குப் போகும் வழக்கமுள்ள நமது கரையோர மக்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஓவாஹு தீவின் ஹெயெயா என்னுமிடத்தில் 88 ஏக்கர் பரப்பில், பல நூற்றாண்டுகளுக்கு முன் கல்லால் கரை கட்டப்பட்ட மீன்குளம் ஒன்று உள்ளது. 1965 ஆம் ஆண்டு வெள்ளத்தில் அதன் சுவரின் ஒரு பகுதி இடிந்தது. 2001 இல் உருவான பைபாயே ஓ ஹெயெயா என்ற உள்ளூர் அமைப்பு அக்குளத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றது. மாணவர்களும் தொண்டர்களும் ஆண்டுக்கணக்கில் கல் சுமந்தும் சதுப்புத் தாவரங்களை அகற்றியும் பாடுபட்டதன் பின்னர், 2015 ஆம் ஆண்டின் இறுதியில் அந்த உடைப்பு அடைக்கப்பட்டது. சுவரின் ஓர் உடைப்பைச் சீர்செய்ய ஐம்பது ஆண்டு காத்திருக்க நேர்ந்த அவ்விடம் இன்று மாணவர்களுக்குத் திறந்தவெளி ஆய்வுகூடமாகவும் விளங்குகின்றது. 2017 இல் ஹெயெயாப் பகுதி தேசியக் கழிமுக ஆய்வுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

பல்கலைக்கழகத்தின் பங்கும் சிறிதல்ல. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட ஆய்வுக் குழு உயர்நிலைப் பள்ளிகளுக்கென உருவாக்கிய கடல் அறிவியல் பாடநூல்கள் பல தசாப்தங்களுக்கு முன்பே வழக்கில் வந்தன. அவை இப்போது இணையத்தில் யாவரும் பயன்படுத்தக்கூடிய பாடத்திட்டமாக வடிவம் பெற்றுள்ளன. 2004 இல் தொடங்கிய ஓபிஹி என்ற திட்டம் தீவுகளின் பாறைக்கரைகளை மாணவர்களைக் கொண்டே கணக்கெடுக்க வழிசெய்தது. கூம்பு வடிவ ஓட்டுடன் பாறையில் ஒட்டி வாழும், ஹவாய் மக்கள் விரும்பி உண்ணும் ஒருவகைக் கடல் நத்தையின் பெயர்தான் ஓபிஹி.

மாணவர்கள் திரட்டும் தரவுகளை அறிவியல் நம்பலாமா என்ற ஐயம் எழுவது இயல்பு. அதைச் சோதித்த ஆய்வு ஒன்று 2012 இல் வெளியானது. ஒரே கரையைக் கணக்கெடுக்கும் நிபுணர்களுக்கிடையேயும் வேறுபாடு இருப்பதைக் கருத்தில் கொண்டு மாணவர் தரவுகளை மதிப்பிட்ட அந்த ஆய்வு, அவற்றில் பலமும் உண்டு பலவீனமும் உண்டு என்று எடுத்துக்காட்டியது. மாணவர்களின் வேலையை விளையாட்டாகத் தள்ளிவிடாமல், அறிவியலுக்குரிய கண்டிப்புடன் அணுகியதே அதன் சிறப்பு.

தீவு என்பதால் கூடும் செலவு

கடலுக்கு அருகில் வாழும் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டச் செலவு எதற்கு என்று வெளியிலிருந்து பார்ப்போர் கேட்கக்கூடும். கருவிகளின் விலை உண்மையில் பெரிதல்ல. பேருந்துக் கட்டணம், படகு வாடகை, காப்புறுதி, ஆசிரியர் களத்துக்குச் செல்லும் நாளில் வகுப்பைக் கவனிக்க மாற்று ஆசிரியருக்கான ஊதியம், ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் ஆகியவையே செலவின் பெரும்பகுதி.

தீவுகளில் இச்செலவு மேலும் கூடுகின்றது. மொலொகாய்த் தீவை எடுத்துக்கொள்ளலாம். அத்தீவுக்கும் அண்டையிலுள்ள மாவுயித் தீவுக்கும் இடையே ஓடிய பயணிகள் படகுச் சேவை 2016 இல் நின்றுபோனது. அதன் பின் மொலொகாய் மாணவர்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் விமானமேற வேண்டும். கடலால் சூழப்பட்ட பிள்ளைகள் கடலைப் படிப்பதற்கு விமானச் சீட்டு வாங்க வேண்டிய நிலை இது. தலைநகர் ஹொனலூலுவில் படிக்கும் மாணவருக்கு ஒரு பேருந்துப் பயணத்தில் கிடைப்பது, சிறிய தீவின் மாணவருக்கு எளிதில் கிடைப்பதில்லை.

இன்னொரு பக்கம், இந்தக் கல்விக்கான தேவை முன்னெப்போதையும் விட அதிகரித்துள்ளது. 2014, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் அடுத்தடுத்து நேர்ந்த கடல் வெப்ப உயர்வால் ஹவாயின் பவளப்பாறைகள் வெளிறின. ஹவாய்ப் பெருந்தீவின் மேற்குக் கரையில் ஆய்வுக்குட்பட்ட தளங்களில் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இன்று பள்ளியில் இருக்கும் தலைமுறைதான் எந்தக் கரையைக் காப்பது, எங்கே மீன்பிடியைக் கட்டுப்படுத்துவது, எந்தச் சாலையை உள்நாட்டை நோக்கி நகர்த்துவது என்ற முடிவுகளை நாளை எடுக்கப் போகின்றது.

வெட்டும் மீட்பும்

அமெரிக்க மத்திய அரசு கடற்கல்விக்கு உதவும் மரபு 1966 ஆம் ஆண்டின் கடல் மானியச் சட்டத்துடன் வலுப்பெற்றது. நிலம் சார்ந்த கல்விக்காக 19 ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழகங்களுக்கு நிலம் மானியமாக வழங்கப்பட்டதைப் போல, கடல் சார்ந்த ஆய்வுக்கும் கல்விக்கும் அரசு துணை நிற்க வேண்டும் என்பது அதன் கருத்து. மத்திய அரசு இரண்டு டாலர் வழங்கினால் உள்ளூரிலிருந்து ஒரு டாலர் சேர்க்கப்பட வேண்டும் என்ற ஏற்பாட்டின் மூலம் பொறுப்பும் பகிரப்பட்டது.

ஆனால் கல்விக்கான மானியங்கள் உறுதியான இடத்தைப் பெறவில்லை. பராக் ஒபாமாவின் நிர்வாகம் 2013, 2014 நிதியாண்டுகளுக்கான தனது உத்தேசத் திட்டங்களில் பீ-வெட் திட்டத்தை நிறுத்த முன்மொழிந்தது. பல துறைகளில் சிதறிக் கிடக்கும் அறிவியல் கல்வித் திட்டங்களை ஒருங்கிணைப்பது என்பது 2014 நிதியாண்டுக்கு அது கூறிய காரணம். டொனால்ட் டிரம்பின் முதல் நிர்வாகம் 2017 மார்ச்சில் கடல் மானியத் திட்டம் உட்பட 25 கோடி டாலருக்கும் அதிகமான மானியங்களை நீக்க முன்மொழிந்தது. இந்த முன்மொழிவுகள் வந்தபோதெல்லாம் காங்கிரஸ் திட்டங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. கரையோர மாநிலங்களைச் சேர்ந்த இரு கட்சி உறுப்பினர்களும் இவற்றை ஆதரித்தது அதற்கு உதவியது.

எனவே 2025 இல் எழுந்த நெருக்கடியை ஒரு கட்சியின் அல்லது ஒரு தலைவரின் செயலாக மட்டும் பார்ப்பது முழு உண்மையாகாது. அதன் காரணம் கூறப்பட்ட விதத்தில் கடுமை கூடியது என்பது மெய்தான். முந்தைய வெட்டுகள் சிக்கனத்தின் பெயரால் முன்வைக்கப்பட்டன. இம்முறை கற்பிக்கப்படும் பொருளே குற்றமாகக் காட்டப்பட்டது. ஆயினும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய, ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை மட்டுமே நீடிக்கும் மானியங்களின் மீது ஒரு கல்வி முறையைக் கட்டியெழுப்பியதில் உள்ள பலவீனம் அதற்கு முன்பே இருந்தது.

இடைவெளியின் விலை

காங்கிரஸ் இறுதியில் நிதியை மீட்டுக் கொடுத்துவிடுகின்றதே, பிறகு என்ன இழப்பு என்று கேட்கலாம். இதற்கான விடையை ஹவாய்த் தீவுகளின் மலையொன்றே தருகின்றது.

சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அறிவியலாளர் 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து இலட்சம் பங்குக்கு 313 என்றிருந்த அளவு இன்று 420 ஐத் தாண்டிவிட்டது. மனிதச் செயல்களால் வளிமண்டலம் மாறுவதை உலகுக்கு உணர்த்திய புகழ்பெற்ற வரைபடம் அந்த அளவீடுகளால் உருவானது. அவ்வரைபடத்தில் 1964 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சில மாதங்களுக்கு இடைவெளி உள்ளது. கருவி பழுதாகி ஏற்பட்ட இடைவெளி அன்று. நிதி குறைக்கப்பட்டதால் நேர்ந்தது. பின்னர் பணம் கிடைத்தது, அளவீடு தொடர்ந்தது. விடுபட்ட மாதங்கள் மட்டும் திரும்பி வரவில்லை.

மாணவர்களின் கரைக் கணக்கெடுப்புக்கும் இதே நியாயம் பொருந்தும். ஒரே பாறைக்கரையை ஒவ்வோர் ஆண்டும் ஒரே முறையில் எண்ணி வந்தால்தான் ஏற்படும் மாற்றம் தெரியும். நடுவில் இரண்டாண்டு விட்டுப்போனால், அந்த இரண்டாண்டில்தான் கடல் வெப்பமடைந்து பாசிகள் மாறின என்பதை யாரும் பின்னர் அறிய முடியாது.

மனிதர்களின் இழப்பு இதைவிடப் பெரிது. மானியம் நின்றால் முதலில் வேலையிழப்பவர் ஒருங்கிணைப்பாளர். எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியர் ஆர்வமுள்ளவர், எந்த மீனவர் படகு தருவார், எந்தக் கரையில் நுழைய எந்தக் குடும்பத்திடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருடைய மனத்தில் இருக்கும். அவர் வேறு வேலை தேடித் தீவை விட்டுச் சென்றபின், நிதி திரும்பக் கிடைத்தாலும் அந்த அறிவு திரும்பக் கிடைப்பதில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியரும் இடமாற்றம் பெற்றுச் சென்றால் பணி மீண்டும் முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கோ காங்கிரஸ் முடிவெடுக்கும் வரை வகுப்பு காத்திருப்பதில்லை.

எதிர்த் தரப்பின் வாதங்கள்

இவ்வகை நிதியுதவியைக் குறை கூறுவோரின் வாதங்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்காவில் பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. ஹவாயில் மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி நிர்வாகத்தின் கீழ் உள்ளது. கடற்கல்வி அவ்வளவு அவசியமென்றால் மாநிலமே அதைப் பாடத்திட்டத்தில் சேர்த்துச் செலவையும் ஏற்கலாமே என்பது அவர்கள் முன்வைக்கும் முதலாவது கேள்வி.

போட்டி அடிப்படையில் வழங்கப்படும் மானியம் விண்ணப்பம் எழுதத் தெரிந்த நிறுவனங்களையே சென்றடைகின்றது என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை உண்டு. தனி அலுவலர்களைக் கொண்ட பெரிய அமைப்பு வெற்றிபெறும் இடத்தில், இரண்டு ஆசிரியர்களைக் கொண்ட சிறுதீவின் பள்ளி விண்ணப்பிக்கவே துணியாது. உதவி அதிகம் தேவைப்படுவோர் பின்தங்கும் நிலை இதனால் உருவாகின்றது.

பிள்ளைகளிடம் பீதி பரப்பப்படுகின்றது என்ற மூன்றாவது வாதம்தான் களத்தில் நடப்பதோடு பொருந்தவில்லை. சட்டத்துக்குள் உள்ள நத்தைகளைத் தானே எண்ணிப் பார்த்து, கடந்த ஆண்டின் எண்ணிக்கையோடு ஒப்பிடும் மாணவர் பிறர் சொல்வதை அப்படியே நம்பப் பழகுவதில்லை. நத்தைகள் குறைந்திருந்தால் குறைந்தன என்றும், கூடியிருந்தால் கூடின என்றும் எழுதுகின்றார். மிகைப்படுத்தலையும் மறுப்பையும் ஒருசேரச் சந்தேகிக்கும் பழக்கம் இத்தகைய பயிற்சியால்தான் வருகின்றது.

வேறு வழிகள்

மத்திய அரசின் மானியத்தை மட்டும் நம்பியிராமல் வேறு வழிகளைத் தேடும் முயற்சிகள் பசிபிக் தீவுகளில் நடைபெறுகின்றன. பலாவு என்ற சிறு தீவு நாடு 2018 முதல் தன் நாட்டுக்கு வரும் வெளிநாட்டவரிடம் 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணம் பெறுகின்றது. 2017 முதல் அந்நாட்டுக்குள் நுழைவோரின் கடவுச்சீட்டில் தீவின் பிள்ளைகளை முன்னிறுத்தி எழுதப்பட்ட உறுதிமொழி ஒன்று முத்திரையிடப்படுகின்றது. பயணிகள் அதில் கையெழுத்திட வேண்டும்.

ஹவாய் மாநிலமும் 2025 மே மாதத்தில் இவ்வழியில் ஓரடி வைத்தது. தங்கும் விடுதிகளுக்கான வரியை 0.75 சதவீதப் புள்ளி உயர்த்தி, அந்த வருவாயைச் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கும் பருவநிலைப் பாதிப்புகளைத் தாங்கும் பணிகளுக்கும் செலவிடும் சட்டத்தில் ஆளுநர் ஜோஷ் கிரீன் கையெழுத்திட்டார். ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர் கிடைக்கும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. பவளப்பாறைகளையும் கடற்கரைகளையும் காண வரும் பயணிகள் அவற்றைக் காப்பதற்கும் பங்களிப்பது நியாயமே. இந்த வருவாயில் ஒரு சிறு பங்கைக் கரையோரக் கல்விக்கென நிரந்தரமாக ஒதுக்கினால், வாஷிங்டனின் ஆண்டு விவாதத்திலிருந்து அது விடுபடும். எனினும் சுற்றுலாவைச் சார்ந்த வருவாய்க்கும் ஆபத்து உண்டு. பெருந்தொற்றுக் காலமான 2020 இல் விமானங்கள் நின்றபோது தீவுகளின் வருவாயும் நின்றது.

வேறொரு மாதிரி பிரெஞ்சுப் பொலினீசியாவில் பிறந்தது. மார்க்கேசாஸ் தீவுக்கூட்டத்தின் தஹுவாத்தா என்ற சிறு தீவில் 2012 ஆம் ஆண்டில் ஆய்வுக் கப்பல் ஒன்று வந்து சென்ற காலத்தில், வைத்தாஹு கிராமப் பள்ளியின் பிள்ளைகள் கடலைக் காக்கும் பணியில் தங்களுக்கும் இடம் கேட்டனர். பள்ளிக்கு எதிரே உள்ள சிறு கடற்பகுதியின் பொறுப்பு அவர்களிடம் கொடுக்கப்பட்டது. கடற்கல்விப் பகுதி என்ற கருத்து இவ்வாறு உருவானது. மாணவர்கள் தங்களுக்குள் கடல் மன்றம் ஒன்றை அமைத்து, நிலைமையை ஆராய்ந்து, என்ன செய்வது என்று வாக்கெடுத்து முடிவு செய்கின்றனர். ஆசிரியரும் கடற்துறை அறிந்த ஒருவரும் துணை நிற்கின்றனர்.

பிரெஞ்சு அரசு 2016 இல் இதற்கு முறையான அங்கீகாரம் அளித்தது. தரைப் பகுதிகளையும் சேர்த்து, இவ்வகைக் கல்விப் பகுதிகள் இன்று பிரான்சிலும் அதன் கடல்கடந்த பிரதேசங்களிலும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் இந்தியப் பெருங்கடல் தீவான ரியூனியனிலும் பள்ளிகள் இதில் இணைந்துள்ளன. இம்முறைக்கும் பணம் தேவைதான். ஆனால் பள்ளியின் அன்றாடக் கால அட்டவணைக்குள் நடப்பதாலும், இடம் நடந்து செல்லும் தொலைவில் இருப்பதாலும் செலவு குறைகின்றது. பொறுப்பு ஒரு வகுப்பிலிருந்து அடுத்த ஆண்டு வகுப்புக்குக் கைமாறுவதால் தொடர்ச்சியும் கிடைக்கின்றது.

நமது தீவுகளுக்கு ஒரு பாடம்

இந்த அனுபவங்கள் தமிழர்களின் தீவுகளுக்கும் சிலவற்றைச் சொல்கின்றன. யாழ்ப்பாணத் தீவகத்தில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்கு இன்றும் படகிலேயே செல்ல வேண்டும். போராலும் புலம்பெயர்வாலும் மக்கள் தொகை குறைந்த இத்தீவுகளின் பள்ளிகளுக்குக் கனடாவிலும் பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் நீண்ட காலமாக உதவி வருகின்றன. கட்டடம், கணினி, புலமைப் பரிசில் என்று அவ்வுதவி பல வடிவங்களில் செல்கின்றது.

பாக்கு நீரிணையின் மறுகரையிலும் நிலைமை கவனத்துக்குரியது. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், அப்பகுதி 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. பாக்கு விரிகுடாவில் ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கான காப்பகம் 2022 இல் அமைந்தது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி பல தசாப்தங்களாக நடைபெறுகின்றது. அறிவு நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பாம்பன் தீவின் மீனவப் பிள்ளைகளுக்கு, அதன் கதவு ஆண்டுதோறும் தவறாமல் திறக்கப்பட வேண்டும் என்பதே தேவை.

இந்த இரு கரைகளின் மக்களுக்கிடையே இழுவைமடி மீன்பிடி குறித்த பிணக்கு நீண்ட காலமாக நீடிக்கின்றது. கடலின் அடித்தளத்தில் என்ன இருந்தது, என்ன அழிந்தது என்பதைப் பற்றிப் பேசுவோர் பலர். இரு கரைகளிலும் உள்ள பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கரையின் கடற்புல்லையும் மீன்குஞ்சுகளையும் ஒரே முறையில் ஆண்டுதோறும் அளந்து வந்தால், அப்பிணக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடாது. ஆனால் வாதிடுவதற்கு இரு தரப்புக்கும் பொதுவான ஓர் அளவுகோல் கிடைக்கும்.

ஹவாயின் அனுபவத்திலிருந்து உதவி வழங்குவோர் பெறக்கூடிய பாடம் எளிமையானது. பெயர்ப்பலகையுடன் ஒரு முறை கட்டிக்கொடுக்கப்படும் ஆய்வுகூடத்தை விட, படகுச் செலவும் ஓர் ஒருங்கிணைப்பாளரின் சம்பளமும் பத்தாண்டுகளுக்கு உறுதி செய்யப்படுவது அதிகம் பயன் தரும். தொகை சிறிதாக இருக்கலாம். அது அடுத்த ஆண்டும் வரும் என்ற நம்பிக்கை ஆசிரியருக்கும் மாணவருக்கும் இருக்க வேண்டும்.

கடலின் மாற்றங்கள் அரசுகளின் நிதியாண்டைப் பார்த்து நிகழ்வதில்லை. அவற்றைக் கவனித்துக் குறித்துக்கொள்ளக் கரையில் எப்போதும் ஆட்கள் வேண்டும். தீவுகளில் அப்பணிக்கு மிக அருகில் இருப்பவர்கள் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள்தாம். அவர்களின் கையில் அளவு நாடாவைக் கொடுக்கும் செலவு குறைவு. கொடுத்த பின் பாதியில் பிடுங்கிக்கொள்வதால் வரும் இழப்பை எந்த வரவு செலவுத் திட்டமும் கணக்கில் காட்டுவதில்லை.